எடை குறைப்பு ஊசியை வருஷக்கணக்கில் போட்டால் உடம்பு என்ன ஆகும்? ஆய்வுகள் சொல்வது இதுதான்!

‘வாரத்துக்கு ஒரு ஊசி, ஆறு மாசத்துல பத்து கிலோ குறையும்’. சென்னை, மதுரை பெரிய கிளினிக்குகளில் மட்டும் கேட்ட இந்தப் பேச்சு இப்போது விருதுநகர் மாவட்டத்தின் சின்ன ஊர்கள் வரை வந்துவிட்டது. வத்திராயிருப்பை அடுத்து, மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கும் வ. புதுப்பட்டி மாதிரியான ஊரில் இருப்பவருக்கும் மொபைல் ரீல்ஸில் அதே ஊசிதான் வருகிறது. ஆனால் அதை எழுதிக்கொடுக்கும் டாக்டரைப் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ ராஜபாளையத்துக்கோ மதுரைக்கோ பஸ் ஏற வேண்டும்.

ஊசி வேலை செய்கிறதா என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. செய்கிறது. மக்கள் இப்போது கேட்பது அடுத்த கேள்வி. ‘இதை எத்தனை வருஷம் போடணும்? அத்தனை வருஷம் போட்டா கிட்னி, கண்ணு, தைராய்டு எல்லாம் என்ன ஆகும்?’

ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எந்த ஊசியைப் பற்றிப் பேசுகிறோம்?

இந்தியாவில் அதிகம் பேசப்படும் மருந்துகள் இரண்டு. ஒன்று, செமாகுளூடைட். சர்க்கரை நோய்க்கு ‘ஓசெம்பிக்’ என்ற பெயரிலும், எடை குறைப்புக்கு ‘வெகோவி’ என்ற பெயரிலும் வருகிறது. இன்னொன்று டிர்செபடைட். இங்கே ‘மவுஞ்சாரோ’ என்ற பெயரில் இரண்டு தேவைக்கும் விற்கப்படுகிறது.

மவுஞ்சாரோ இந்தியாவுக்கு வந்தது 2025 மார்ச்சில். வெகோவி அதே ஆண்டு ஜூனில் வந்தது. ஓசெம்பிக் டிசம்பரில் வந்தது. 2026 மார்ச்சில் செமாகுளூடைடுக்கான இந்தியக் காப்புரிமை முடிவுக்கு வந்ததும், உள்நாட்டு நிறுவனங்கள் இதே மருந்தைத் தயாரித்து விற்க வழி திறந்தது. சின்ன ஊர் மெடிக்கல் வரை இந்தப் பேச்சு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த மருந்துகள் உடம்பில் எப்படி வேலை செய்கின்றன? நாம் சாப்பிட்டதும் குடலில் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் சுரக்கும். ‘போதும், வயிறு நிறைஞ்சிடுச்சு’ என்று மூளைக்குச் சொல்வது, இரைப்பையில் இருந்து உணவு மெதுவாக இறங்கச் செய்வது, இன்சுலின் சுரப்பைத் தூண்டுவது எல்லாம் இதன் வேலைகள். உடம்பில் இயற்கையாகச் சுரக்கும் ஜிஎல்பி-1 சில நிமிடங்களில் கரைந்துவிடும். ஊசியில் இருப்பது அதே வேலையை நாள்கணக்கில் செய்யும் நகல். அதனால்தான் வாரம் ஒரு தடவை போட்டால் போதும். டிர்செபடைட், ஜிஐபி என்ற இன்னொரு குடல் ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது.

ஏன் இந்த ஊசியை நினைத்துப் பயப்படுகிறார்கள்?

எடை குறைப்பு மருந்துகளின் பழைய வரலாறு அப்படி. ஃபென்ஃப்ளூரமைன் என்ற மாத்திரைக்கு அமெரிக்கா 1973இல் அனுமதி கொடுத்தது. 1990களில் அதை ஃபென்டர்மைன் என்ற இன்னொரு மருந்துடன் சேர்த்து லட்சக்கணக்கானோர் சாப்பிட்டார்கள். இதய வால்வு பாதிப்பு தெரியவந்து 1997இல் சந்தையை விட்டு எடுத்தார்கள். இடையில் ஓடியது 24 வருஷம்.

அடுத்து ரிமோனபன்ட். 2006இல் ஐரோப்பாவில் வந்தது. மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் போன்ற புகார்களால் 2008இல் நிறுத்தப்பட்டது. சிபுட்ரமைன், மாரடைப்பு, பக்கவாத ஆபத்தைக் கூட்டுவது தெரிந்து 2010இல் பல நாடுகளில் விலக்கப்பட்டது. இந்தியாவும் 2011இல் தடை போட்டது.

‘இதுவும் அந்த வரிசையில் வந்து சேருமா?’ என்று கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு.

ஜிஎல்பி-1 வகை மருந்துகள் நேற்று வந்தவை அல்ல. அமெரிக்கப் பாலைவனத்தில் வாழும் ‘ஹீலா மான்ஸ்டர்’ என்ற விஷப் பல்லியின் எச்சிலில் இருந்த ஒரு பொருளை வைத்து உருவான எக்ஸினடைட், 2005இல் சர்க்கரை நோய்க்கு அனுமதி பெற்றது. பிறகு லிராகுளூடைட், செமாகுளூடைட் என்று வரிசையாக வந்தன. சர்க்கரை நோயாளிகள் மத்தியில் இந்த மருந்துக் குடும்பத்துக்கு 20 வருஷ அனுபவம் இருக்கிறது.

அதே சமயம், சர்க்கரை நோய் இல்லாதவர்கள் எடையைக் குறைக்க மட்டும் அதிக டோஸில் செமாகுளூடைட் போடுவது 2021இல்தான் தொடங்கியது. டிர்செபடைட் எடை குறைப்புக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது 2023 நவம்பரில். அதாவது, குடும்பம் பழசு. இந்தப் பயன்பாடு புதுசு.

எத்தனை வருஷத்துக்கு ஆதாரம் இருக்கிறது?

பெரிய ஆய்வுகளின் கால அளவைப் பார்த்தால் இது தெளிவாகும்.

‘ஸ்டெப் 1’: 1,961 பேர், 68 வாரங்கள். செமாகுளூடைட் போட்டவர்கள் சராசரியாக 14.9% எடை குறைந்தார்கள். வெறும் ஊசி போட்டவர்களுக்குக் குறைந்தது 2.4%.

‘சர்மவுன்ட் 1’: 2,539 பேர், 72 வாரங்கள். டிர்செபடைட் அதிக டோஸில் சராசரியாக 20.9% குறைந்தது. இதில் சர்க்கரை நோயின் எல்லையில் இருந்த 1,032 பேரை மட்டும் 176 வாரங்கள், அதாவது மூன்று வருஷத்துக்கு மேல் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது மிகப் பெரிய அளவில் குறைந்திருந்தது.

‘செலக்ட்’: இதுதான் எடை குறைப்பு டோஸில் நடந்த மிகப் பெரிய பாதுகாப்பு ஆய்வு. 41 நாடுகளில் 17,604 பேர். எல்லோரும் 45 வயதைத் தாண்டியவர்கள், ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்கள், சர்க்கரை நோய் இல்லாதவர்கள். சராசரியாக மூன்று வருஷத்துக்கு மேல் கவனித்ததில், மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் மூன்றும் சேர்ந்து 20% குறைந்தன. சிலரை நான்கு வருஷம் வரை தொடர்ந்தபோதும் எடை 10% அளவுக்குக் குறைந்த நிலையிலேயே இருந்தது.

‘ஃப்ளோ’: சர்க்கரை நோயோடு கிட்னி பாதிப்பும் உள்ள 3,533 பேரிடம் நடந்தது. கிட்னி செயலிழப்பு உள்ளிட்ட மோசமான விளைவுகள் செமாகுளூடைட் போட்டவர்களுக்கு 24% குறைந்தன.

ஆக, மூன்று, நான்கு வருஷத்துக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. அந்தக் காலத்துக்குள் இதயத்துக்கும் கிட்னிக்கும் கெடுதலை விட நன்மைதான் தெரிகிறது. ஃபென்ஃப்ளூரமைன், சிபுட்ரமைன் கதையில் இருந்து இந்த மருந்து விலகி நிற்பது இங்கேதான். அவை இதயத்தைக் கெடுத்தன. இது இதய நோயாளிகளையே வைத்துச் சோதிக்கப்பட்டது.

ஆனால் 25 வயதில் ஊசியைத் தொடங்கி 45 வயது வரை போட்ட ஒருவரின் உடம்பு எப்படி இருக்கும் என்று காட்டும் ஆய்வு உலகில் எங்கேயும் முடியவில்லை. அதற்கான காலமே இன்னும் ஓடவில்லை.

சரி, பக்கவிளைவுகள் என்னென்ன?

வயிறுதான் முதலில். ‘ஸ்டெப் 1’ ஆய்வில் ஊசி போட்டவர்களில் 74% பேருக்குக் குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல் என்று ஏதோ ஒன்று வந்தது. வெறும் ஊசி போட்டவர்களிலும் 48% பேர் இதைச் சொன்னார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பெரும்பாலும் டோஸ் கூட்டும் வாரங்களில் வந்து, பிறகு அடங்கிவிடும். ஆனால் ‘செலக்ட்’ ஆய்வில் செமாகுளூடைட் போட்டவர்களில் 16.6% பேர் ஏதாவது ஒரு பக்கவிளைவு காரணமாக நிறுத்திவிட்டார்கள். கிட்டத்தட்ட ஆறில் ஒருவர்.

‘வாந்திதானே’ என்று விடவும் முடியாது. சித்திரை, வைகாசி வெயிலில் நாலு தடவை வாந்தி எடுத்து, தண்ணீரும் குடிக்காமல் இருந்தால் உடம்பு வறண்டு கிட்னி பாதிக்கலாம். வயல் வேலைக்குப் போகிறவர், விரதம் இருந்து சதுரகிரி மலை ஏறுகிறவர் எல்லாம் இதைக் கவனத்தில் வைக்க வேண்டும்.

பித்தப்பைக் கல். எடை வேகமாகக் குறையும்போது கல் உருவாவது எந்த முறையிலும் நடக்கக்கூடியதுதான். ‘ஸ்டெப் 1’ ஆய்வில் பித்தப்பை சார்ந்த தொந்தரவு ஊசி போட்டவர்களில் 2.6% பேருக்கு வந்தது, மற்றவர்களில் 1.2%. வலது விலாவுக்குக் கீழே கடும் வலி, காய்ச்சல், மஞ்சள் காமாலை வந்தால் காத்திருக்கக் கூடாது.

கணைய அழற்சி. அரிதானது, ஆனால் ஆபத்தானது. மேல் வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பரவும் விடாத வலிதான் அடையாளம். ‘கேஸ் பிடிச்சிருக்கு’ என்று சோடா குடித்துவிட்டுப் படுக்கிற வலி இல்லை இது. ஊசியை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஏற்கெனவே கணைய அழற்சி வந்தவர்கள், குடிப்பழக்கம் அதிகம் உள்ளவர்கள், தொடங்கும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுவது முக்கியம்.

தைராய்டு புற்றுநோய். எலிகளிடம் நடந்த சோதனையில் தைராய்டில் ஒரு வகைக் கட்டி வந்தது. அதனால்தான் அமெரிக்காவில் மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டி எச்சரிக்கை போடுகிறார்கள். மனிதர்களிடம்? 2023இல் ஐரோப்பிய மருந்து முகமை, தொடர்பு இருப்பதாகக் காட்டும் ஆதாரம் இல்லை என்று முடிவுக்கு வந்தது. 2024இல் டென்மார்க், நார்வே, ஸ்வீடன் மக்களிடம் நடந்த ஆய்வில், இந்த வகை மருந்து எடுத்த சுமார் 1.45 லட்சம் பேரைச் சராசரியாக நான்கு வருஷம் போலக் கவனித்ததில் பெரிய அளவு ஆபத்து தெரியவில்லை. புற்றுநோய் விஷயத்தில் நான்கு வருஷம் என்பது குறைவான காலம்தான். எனவே, குடும்பத்தில் யாருக்காவது ‘மெடுல்லரி’ வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்திருந்தால் இந்த ஊசி கூடவே கூடாது.

கண். இரண்டு தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. பார்வை நரம்புக்கு ரத்த ஓட்டம் தடைபட்டு, வலியே இல்லாமல் திடீரென ஒரு கண்ணில் பார்வை போகும் பாதிப்பு ஒன்று. செமாகுளூடைடால் இது வரலாம் என்று ஐரோப்பிய மருந்து முகமையின் பாதுகாப்புக் குழு 2025 ஜூனில் ஏற்றுக்கொண்டது. 10,000 பேரில் ஒருவருக்கு வரக்கூடிய அளவுக்கு மிக அரிது. இன்னொன்று, ஏற்கெனவே சர்க்கரையால் விழித்திரை பாதித்தவர்களுக்கு வருவது. ரத்தச் சர்க்கரை வேகமாக இறங்கும்போது அந்தப் பாதிப்பு கொஞ்சம் மோசமாகலாம். அதனால் பல வருஷமாகச் சுகர் உள்ளவர்கள் முதல் ஊசிக்கு முன்பு விழித்திரைப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

மனநிலை. ரிமோனபன்ட் அனுபவத்தால் இதையும் உற்றுப் பார்த்தார்கள். தற்கொலை எண்ணத்துக்கும் இந்த மருந்துகளுக்கும் காரணத் தொடர்பு தெரியவில்லை என்று ஐரோப்பிய மருந்து முகமை 2024இல் சொன்னது.

கொழுப்போடு சேர்ந்து தசையும் போகிறதா?

ஆமாம். இதுதான் நம் ஊர்க்காரர்கள் அதிகம் யோசிக்க வேண்டிய விஷயம்.

குறைகிற எடை எல்லாமே கொழுப்பு இல்லை. ‘ஸ்டெப் 1’ ஆய்வில் ஒரு பகுதியினரை ஸ்கேன் செய்து பார்த்தபோது, குறைந்த எடையில் கிட்டத்தட்ட 40% கொழுப்பல்லாத பகுதி. டிர்செபடைட் ஆய்வில் இது கால் பங்கு. 12 கிலோ குறைந்தால் அதில் மூன்றில் இருந்து ஐந்து கிலோ வரை தசை, நீர் உள்ளிட்ட கொழுப்பல்லாத எடை.

டயட்டில் எடை குறைந்தாலும் தசை கொஞ்சம் போகத்தான் செய்யும். ஆனால் இந்தியர்களுக்கு இயல்பிலேயே தசை குறைவு, வயிற்றுக் கொழுப்பு அதிகம். கையும் காலும் ஒல்லி, தொப்பை மட்டும் பெரிசு என்ற உடம்புவாகு இங்கே சகஜம். சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை, ஐசிஎம்ஆருடன் சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023இல் வெளியானது. அதன்படி வயது வந்த இந்தியர்களில் 39.5% பேருக்கு வயிற்றுப் பருமன் இருக்கிறது.

இதோடு சாப்பாட்டையும் சேர்த்துப் பாருங்கள். மூணு வேளையும் சோறு, இட்லி, தோசை. பருப்பும் முட்டையும் தொட்டுக்கொள்ளும் அளவுதான். ஊசி போட்டதும் பசி பாதியாகிவிடும். அந்தப் பாதிச் சாப்பாடும் சோறாகவே இருந்தால் தசைக்குப் புரதம் எங்கிருந்து வரும்? 55, 60 வயதில் தசை போனால் மாடிப்படி ஏறுவது, தரையில் இருந்து எழுந்திருப்பது, கீழே விழாமல் நடப்பது எல்லாமே கஷ்டமாகும். முட்டை, சுண்டல், பாசிப்பயறு, நிலக்கடலை, மீன், தயிர் ஆகியவற்றைத் தட்டில் முதலில் வைப்பதும், வாரத்துக்கு இரண்டு, மூன்று நாள் எடை தூக்கும் வகை உடற்பயிற்சி செய்வதும் ஊசியோடு சேர்ந்தே வர வேண்டிய சிகிச்சை.

‘எடை குறைஞ்சதும் நிறுத்திக்கலாம்ல?’

எல்லோரும் கேட்பது இதைத்தான். பதில் அவ்வளவு இனிப்பாக இல்லை.

‘ஸ்டெப் 1’ ஆய்வில் பங்கேற்றவர்களில் ஒரு பகுதியினரை, ஊசியை நிறுத்திய பிறகு ஒரு வருஷம் கவனித்தார்கள். 17.3% எடை குறைந்திருந்தவர்களுக்கு 11.6% திரும்பி வந்துவிட்டது. 90 கிலோ உள்ள ஒருவர் 15 கிலோவுக்கு மேல் குறைந்து, ஒரே வருஷத்தில் 10 கிலோவைத் திரும்பப் போட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். பிரஷர், சுகர் அளவுகளில் கிடைத்த முன்னேற்றமும் பெருமளவு கைவிட்டுப் போனது.

இது மன உறுதி இல்லாததால் நடப்பது இல்லை. எடை குறைந்ததும் உடம்பு அதை இழப்பாகக் கருதிப் பசியைக் கூட்டும். ஊசி அந்தப் பசியை அமுக்கி வைத்திருந்தது. ஊசி நின்றதும் பசி திரும்புகிறது. பிரஷர் மாத்திரையை நிறுத்தினால் பிரஷர் ஏறுவது மாதிரிதான் இதுவும்.

திரும்பி வரும் எடையில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்பது இன்னொரு கவலை. போன தசை தானாக அப்படியே வந்து ஒட்டிக்கொள்ளாது. போட்டு, நிறுத்தி, மறுபடி போட்டு என்று சுற்றிக்கொண்டிருந்தால், கடைசியில் அதே எடையில் முன்பை விடத் தசை குறைந்த உடம்பு மிஞ்சலாம்.

நீண்டகாலப் பாதுகாப்பு என்ற கேள்வி இங்கேதான் பணக் கேள்வியாகவும் மாறுகிறது.

மாதம் எவ்வளவு ஆகும்?

2025 மார்ச்சில் அறிமுகமானபோது மவுஞ்சாரோ 2.5 மில்லிகிராம் குப்பி ஒன்று 3,500 ரூபாய், 5 மில்லிகிராம் 4,375 ரூபாய். வாரம் ஒன்று வீதம் மாதத்துக்கு 14,000 ரூபாயில் இருந்து 17,500 ரூபாய். வெகோவியின் ஆரம்ப டோஸ், 2025 நவம்பர் விலைக் குறைப்புக்குப் பிறகு மாதம் 10,850 ரூபாயாக இருந்தது.

2025-26இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கான தினக்கூலி 336 ரூபாய். அந்தக் கணக்கில் வெகோவியின் ஒரு மாத ஆரம்ப டோஸுக்கு 32 நாளுக்கும் மேலான கூலி வேண்டியிருந்தது. காப்புரிமை முடிந்து உள்நாட்டுத் தயாரிப்புகள் வரும்போது சுமை குறையும் என்பது உண்மை. ஆனால் குறைந்த விலையிலும் கேள்வி ஒன்றுதான்: இதை அடுத்த தீபாவளி வரை அல்ல, ஐந்து தீபாவளிக்குத் தொடர முடியுமா?

கையில் காசு இருக்கும் மாதம் போட்டு, இல்லாத மாதம் விடுவது வெறும் காசு விரயம் மட்டும் இல்லை. சில வாரம் விட்டுவிட்டுப் பழைய பெரிய டோஸிலேயே மறுபடி தொடங்கினால் வாந்தி கடுமையாக வரலாம். தொடர்ந்து இரண்டு ஊசிக்கு மேல் தவறினால், டாக்டரைக் கேட்காமல் மறுபடி தொடங்கக் கூடாது.

சின்ன ஊருக்கே உரிய சிக்கல்கள்

ஊசி மருந்தைப் பிரிக்கும் முன் 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். மவுஞ்சாரோவை ஃபிரிட்ஜுக்கு வெளியே 30 டிகிரிக்கு மிகாமல் 21 நாள் வரை வைக்கலாம். விருதுநகர் மாவட்டத்துக் கோடையில் 30 டிகிரி என்பது வீட்டுக்குள்ளேயே தாண்டிவிடும் அளவு. மதுரையில் வாங்கி, ஐஸ் பெட்டி இல்லாமல் மத்தியான பஸ்ஸில் கொண்டுவந்தால் மருந்தின் வீரியம் போகலாம். ஃபிரீசரில் வைத்து உறைந்துபோன மருந்தையும் பயன்படுத்தக் கூடாது.

அடுத்தது போலி மருந்து. பிரேசில், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளில் போலி ஓசெம்பிக் பிடிபட்டதைத் தொடர்ந்து 2024 ஜூனில் உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை விடுத்தது. ஆன்லைனில் ‘பாதி விலை’ என்று வருவதையும், பில் இல்லாமல் கையில் தருவதையும் தொடாமல் இருப்பதே நல்லது.

எடை குறைப்பு ஆசை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு மதுரையிலேயே ஒரு சோகம் நடந்தது. 2026 ஜனவரியில், யூடியூப் வீடியோவைப் பார்த்து வெங்காரத்தை வாங்கிச் சாப்பிட்ட 19 வயதுக் கல்லூரி மாணவி உயிரிழந்தார். அது ஊசி இல்லைதான். ஆனால் டாக்டரைத் தாண்டி வீடியோவை நம்பும் அதே வழியில்தான் நாளைக்கு ஊசியும் வீட்டுக்குள் வரும்.

யாருக்கு இது, யாருக்கு வேண்டாம்?

பிஎம்ஐ 30க்கு மேல் இருப்பவர்களுக்கும், 27க்கு மேல் இருந்து கூடவே சுகர், பிரஷர், இதய நோய் மாதிரி ஒரு பிரச்சினை உள்ளவர்களுக்கும்தான் எடை குறைப்புக்கு இந்த ஊசி. 5 அடி 2 அங்குலம் உயரமுள்ள ஒருவருக்கு பிஎம்ஐ 27 என்றால் சுமார் 67 கிலோ. 30 என்றால் 74 கிலோவுக்கு மேல்.

‘கல்யாணத்துக்கு இன்னும் நாலு மாசம் இருக்கு, அஞ்சு கிலோ குறைக்கணும்’ என்று வரும் 58 கிலோ பெண்ணுக்கான மருந்து இது இல்லை. அப்படிப்பட்ட உடம்பில் இந்த ஊசி நல்லதா கெட்டதா என்று பெரிய ஆய்வுகள் சோதிக்கவும் இல்லை. நாம் நம்பும் அத்தனை பாதுகாப்புக் கணக்கும் பருமன் உள்ளவர்களை வைத்துப் போட்டதுதான்.

அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினரின் மருத்துவப் பதிவுகளை வைத்து, இந்த மருந்து எடுத்த 2 லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் 175 வகை உடல்நல விளைவுகளைப் பார்த்த ஆய்வு 2025 ஜனவரியில் வந்தது. மறதி நோய், வலிப்பு, போதைப் பழக்கம் போன்றவை குறைந்தும், வயிற்றுத் தொந்தரவு, மூட்டு வலி, கிட்னி கல், கணைய அழற்சி போன்றவை கூடியும் இருந்தன. ஆனால் அதில் இருந்தவர்கள் பெரும்பாலும் வயதான வெள்ளையின ஆண்கள். வத்திராயிருப்புப் பக்கத்து 30 வயதுப் பெண்ணின் உடம்புக்கு அந்தக் கணக்கை அப்படியே பொருத்த முடியாது.

பெண்கள் தனியாகக் கவனிக்க வேண்டியதும் உண்டு. கர்ப்பமாக இருக்கும்போது இந்த ஊசி கூடாது. குழந்தைக்குத் திட்டமிட்டால் குறைந்தது இரண்டு மாதத்துக்கு முன்பே செமாகுளூடைடை நிறுத்த வேண்டும். நீர்க்கட்டி பிரச்சினையால் மாதவிடாய் தள்ளிப்போகும் பெண்களுக்கு, எடை குறைந்ததும் எதிர்பாராமல் கரு தங்கவும் வாய்ப்பு உண்டு. டிர்செபடைட் போடும்போது கருத்தடை மாத்திரையின் வேகம் குறையலாம் என்பதால், தொடங்கும்போதும் டோஸ் கூட்டும்போதும் நான்கு வாரத்துக்கு வேறு பாதுகாப்பு தேவை.

அரசும் உலக சுகாதார நிறுவனமும் என்ன சொல்கின்றன?

2025 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் முதன்முறையாக, பெரியவர்களுக்கான பருமன் சிகிச்சையில் இந்த மருந்துகளை நீண்டகாலம் பயன்படுத்தலாம் என்று வழிகாட்டுதல் கொடுத்தது. ஆனால் அது நிபந்தனையோடு கூடிய பரிந்துரை. நீண்டகாலப் பாதுகாப்பு, நிறுத்திய பின் நிலவரம், விலை ஆகியவற்றில் தகவல் போதவில்லை என்பதையே காரணமாகச் சொன்னது.

இந்தியாவில், எடை குறைப்பு மருந்துகளுக்குக் கொடுத்த அனுமதியைக் கேள்வி கேட்டு டெல்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு வந்தது. 2025 ஜூலையில் நீதிமன்றம், நிபுணர்களோடு பேசி மூன்று மாதத்துக்குள் முடிவெடுக்கும்படி மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரியிடம் சொன்னது. பருமனைக் குணப்படுத்துவதாகப் பொதுமக்களிடம் மருந்து விளம்பரம் செய்வதற்கு 1954ஆம் ஆண்டின் சட்டமே தடை போடுகிறது.

டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும்?

முதல் ஊசிக்கு முன் இந்தக் கேள்விகளை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போகலாம்.

• என் பிஎம்ஐ, இடுப்புச் சுற்றளவுக்கு இந்த ஊசி தேவையா? உணவு, நடையில் குறைக்க முடியாதா?

• எத்தனை மாதம் போட வேண்டியிருக்கும்? நிறுத்தும்போது எப்படி நிறுத்துவது?

• இப்போது சாப்பிடும் சுகர் மாத்திரையின் அளவைக் குறைக்க வேண்டுமா? (கிளிமிபிரைடு, இன்சுலின் எடுப்பவர்களுக்குச் சர்க்கரை திடீரென இறங்கி மயக்கம் வரலாம்.)

• கிட்னி, கண், பித்தப்பை பரிசோதனை எப்போது, எத்தனை மாதத்துக்கு ஒரு முறை?

• ஆபரேஷன் செய்ய நேர்ந்தால் ஊசியை எப்போது நிறுத்துவது? (இரைப்பையில் உணவு தங்கியிருப்பதால், மயக்க மருந்து கொடுப்பவருக்கு ஊசி பற்றிக் கட்டாயம் தெரிய வேண்டும்.)

ஊசி போட்ட பிறகு ஏதாவது பக்கவிளைவு வந்தால், டாக்டரிடம் சொல்வதோடு நிற்க வேண்டாம். இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியே புகாரைப் பதிவு செய்யலாம். ஃபென்ஃப்ளூரமைனின் இதய வால்வுப் பாதிப்பு வெளியே வந்ததும், சாதாரண மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளிடம் கண்டதைப் பதிவு செய்ததால்தான். இந்த ஊசியின் பத்து வருஷக் கணக்கில் இந்தியர்களின் உடம்பும் இடம்பெற வேண்டுமானால், வ. புதுப்பட்டியில் இருந்தும் அந்த எண்ணுக்கு போன் போக வேண்டும்.